சட்டைக்குக் கீழே ஒரு சொல்

என் அருமை அண்ணை,

நீங்கள் கண்மூடியபின் உங்கள் அலுமாரியின் அடித்தட்டிலிருந்த சட்டையை உங்கள் மகள் கண்டெடுத்தாள். சாவகச்சேரியில் ஷெல் விழுந்த அன்று, காயப்பட்டுக் கிடந்த பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்களே, அந்தச் சட்டை. பிள்ளையின் உயிர் வழியிலேயே அடங்கிவிட்டது. அப்பா ஏன் இதைத் தோய்க்கவேயில்லை என்று மகள் கேட்டாள். எனக்குத் தெரியும்.

அதோடு வேறு போர்க்காலப் பொருட்களையும் சேர்த்து அவள் மானிப்பாயில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தாள். சின்ன வயதிலேயே கனடாவுக்கு அனுப்பினீர்கள் அல்லவா, சட்டைக்குக் கீழே ஆங்கிலத்தில்தான் அட்டை எழுதியிருந்தாள்: 'கோரி சேர்ட்'. இரத்தக்கறை படிந்த சட்டை என்று சொல்லத்தான் நினைத்தாள். இவ்வளவு காலம் ஆங்கிலம் படிப்பித்த எனக்கோ நெஞ்சு திடுக்கிட்டது. இன்றைக்கு அது பயங்கரப் படங்களுக்குப் போடுகிற சொல். வேரைப் பார்த்தால் இன்னும் மோசம். பழைய ஆங்கிலத்தில் 'கோர்' என்றால் சாணம், ஊத்தை. வெகுகாலம் கழித்துத்தான் அது உறைந்த இரத்தத்தைக் குறிக்க வந்தது.

மாற்றச் சொல்வதற்குள் சனம் உள்ளே வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் தாயும் வந்தார். நான்தான் வரச்சொல்லியிருந்தேன். யாரோ அட்டையை உரக்க வாசித்தார்கள். தாய் என் கையைப் பிடித்தார்.

"கோரி எண்டு வாசிச்சினம். கோரி எண்டால் கேட்டு எண்டுதானே ரீச்சர்? என்ரை பிள்ளை கடைசியா ஏதும் கேட்டதோ?"

உங்கள் மகளின் முகம் வெளிறியது. "அது இங்கிலீஷ் சொல்லு அம்மா..."

"அப்ப அதுக்கு என்ன கருத்து?"

என்னத்தைச் சொல்ல, அண்ணை? 'அம்மா, உங்கள் பிள்ளையின் இரத்தத்துக்கு ஊத்தையில் பிறந்த சொல்லை வைத்திருக்கிறோம்' என்றா? அவர் பிடியை விடவில்லை. நீங்கள் எனக்கு மட்டும் சொன்னதை அப்போதுதான் வாய் திறந்து சொன்னேன்.

"பிள்ளை ஒண்டும் கேக்கேல்லை அம்மா. 'மாமா, உங்கடை சட்டை ஊத்தையாகுது' எண்டு சொன்னதாம். 'இது ஊத்தை இல்லை, குஞ்சு' எண்டு அண்ணை சொன்னவர். அதாலைதான் அவர் கடைசிவரைக்கும் தோய்க்கேல்லை."

தாய் அழவில்லை. சட்டை இருந்த கண்ணாடிப் பெட்டியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார். அவருக்குச் சொன்னது சரியா, அண்ணை? இன்னும் தெரியவில்லை.

பிறகு மெல்லக் கேட்டார்: "உந்தச் சட்டையை எனக்குத் தருவியளோ?"

"ஓம் அம்மா," என்றாள் உங்கள் மகள். அட்டையைக் கிழித்தெடுத்தாள். "பிள்ளையின்ரை பேர் என்ன?"

தாய் சொல்லச் சொல்ல, புது அட்டையில் தட்டுத்தடுமாறித் தமிழில் எழுதினாள்: 'இது சுகந்தியின் இரத்தம்.' ஆங்கிலத்தில் ஒன்றும் எழுதவில்லை.

நாளை கண்காட்சி முடிகிறது. தோய்க்காமல், மடித்து, நானே அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்த் தாயின் கையில் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் ஒரே தங்கச்சி