நான் கீது

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். கல்லூரிப் படத்துக்கு நாளை வாய்ஸ் ஓவர். இயக்கம், கதை எல்லாம் கூடப் படிக்கும் அரவிந்த். மீன் விற்கும் பெண்ணைப் பற்றிய படம். நடித்திருப்பது நித்யா, தி.நகர் நகைக்கடை வீட்டுப் பெண். ஷூட்டிங்கில் கூடையைத் தொட்டதும் மூக்கைப் பிடித்துக்கொண்டவள். அதிலிருந்தது என் அம்மா கொடுத்த மீன், அன்று காலை கரைக்கு வந்தது! வாயைத் திறந்தால் தி.நகர் தெரிந்துவிடும் என்று அவளைப் பேசாமலே நடிக்கவிட்டு, மனக்குரலுக்கு என்னைப் பிடித்திருக்கிறான்.

"மச்சி, நீ நொச்சிக்குப்பம்தானே? உன் வாய்ஸ்ல ஒரிஜினாலிட்டி இருக்கும்."

சரி என்றேன். சந்தோஷம்தான், ஏன் மறைக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். மீன் வாங்க வந்தவர்களிடமெல்லாம் அதே பேச்சு: "என் பொண்ணு சினிமாவுல பேசப் போவுது."

மார்ச் 5, புதன்

மயிலாப்பூர், அரவிந்த் வீடு. வெளிச்சத்தம் விழாமலிருக்க மைக் துணி அலமாரிக்குள். என்னையும் உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினான். பட்டுப்புடவைகள். பாச்சை உருண்டை நாற்றம். வியர்வை.

எழுதியிருந்ததைப் படித்தேன். "கடலு என் ஆத்தா நைனா. அதுக்குள்ளதான் நான் கீது."

"அரவிந்த், இருக்குன்னா கீது, இருக்கேன்னா கீறேன். நான் கீதுன்னு எங்க பக்கம் யாரும் சொல்ல மாட்டாங்க."

"கீறேன்னா கத்தியால கீறுற மாதிரி இருக்கு மச்சி. கீதுதான் ஆடியன்ஸுக்குத் தெரியும்."

பேசினேன். கதவுக்கு வெளியே அவன்: "இன்னும் லோக்கலா." மறுபடியும். "தொண்டைய கரகரன்னு வெச்சுக்கோ. மீன் விக்கிற குரல் வேணும்."

என் அம்மா மீன் விற்கிறாள், அவள் குரல் அப்படியில்லை என்றேன். "அவங்க எக்ஸெப்ஷன்" என்றான். சீ! முறைத்துக்கொண்டால் மொத்தக் குழுவுக்கும் மார்க் போகும். அவன் கேட்டபடியே கத்தித் தொலைத்தேன். "செம லோக்கல்!" என்று கை தட்டினான்.

பஸ்ஸில் தொண்டை எரிச்சல். வாயை சோப்புப் போட்டுக் கழுவலாம் போல இருந்தது.

மார்ச் 6, வியாழன்

துணி துவைத்தேன். தலைமுடியில் இன்னும் பாச்சை உருண்டை. அரவிந்த் மெசேஜ்: துறைத் தலைவர் கேட்டுவிட்டு "மண் மணக்குது" என்றாராம். எங்கள் குப்பத்தில் ஏது மண்? எல்லாம் மணல்.

மார்ச் 8, சனி

கொஞ்சம் காற்று. படம் போனுக்கு வந்துவிட்டது. காட்ட வேண்டாமென்றுதான் இருந்தேன். அம்மா விடவில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்தாள்.

நித்யா கடலைப் பார்க்கிறாள். நான் கத்துகிறேன். நான் கீது, நான் கீது. அம்மா முகம் சுருங்கிப்போனது.

"யார்டி இவ? நம்மள நக்கல் பண்ணிக்கினு கீறா."

அருவருப்பு, அவன்மேல் பாதி, என்மேல் பாதி. படம் முடிந்தது. அம்மா போனை வாங்கி இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்த்தாள்.

"அவ கெடக்குறா. நீ எப்ப பேசுவ?"