டிக்கியில் விட்ட ஒரு சாண்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்துகொண்டு காதை இந்தப் பக்கமே வைத்திருப்பார். நீயும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை உன் குரலே கம்மியிருந்தது.

அப்பாவின் பழைய கார் ஏறக்குறைய முடிந்துவிட்டது. நீ போகும்போது டிக்கியில் மட்டும் ப்ரைமரோடு, கதவில்லாமல், சீட்டில்லாமல் ஷெட்டில் பரிதாபமாக நின்றதே, இப்போது ஆளே மாறிவிட்டது. முழுக்கச் சாம்பல் நிற ப்ரைமர் அடித்து, தகடும் தகடும் சேருகிற இடமெல்லாம் தண்ணீர் புகாமல் அடைக்கிற சீலர் பூசியாகிவிட்டது. பூசியது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மாதான். சிரிக்காதே.

அப்பாவின் வலது கை முன்னைவிட மோசம். காபி டம்ளரைப் பாதிக்குமேல் நிரப்ப விடுவதில்லை. நடுக்கம் இனிமேல் குறையாது, கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். சீலரைப் பிதுக்குகிற துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்கிறதே, அந்தக் கன்னை அவரால் அழுத்த முடியவில்லை. நான் அழுத்திக்கொண்டு போகிறேன், அவர் பின்னாலேயே விரலால் தடவி அமுக்கிக்கொண்டு வருகிறார். தகட்டில் பதிந்துவிட்டால் அந்த விரல் எப்படித்தான் அடங்குகிறதோ தெரியவில்லை. "நடுவுல நிறுத்தாதே, நிறுத்துற இடத்துலதான் தண்ணி இறங்கும்" என்று ஓயாமல் திட்டு. இத்தனை வருஷத்தில் என் சமையலைக்கூட அந்த மனுஷன் இவ்வளவு குறை சொன்னதில்லை.

ஒரே ஒரு இடம் பாக்கி. டிக்கியில், இடது பக்க ஜாயிண்ட். உனக்குத் தெரியும். பாதி வரை அவர் இழுத்த கோணல் கோடு, அங்கிருந்து உன்னுடைய நேர்க்கோடு, அதற்கப்புறம் ஒரு சாண் வெறும் ப்ரைமர்.

அன்று பெயிண்டரும் அவர் ஆட்களும் சுற்றி நிற்கும்போது, "கை நடுங்குதுப்பா, விடுங்க, நான் பண்றேன்" என்று கன்னைப் பிடுங்கினாய். நீ சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவர் அதுவரை என்னிடம்கூட அதை ஒத்துக்கொள்ளவில்லை. நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாய். "என் ஷெட்டை விட்டுப் போ" என்றார். ஷெட்டை விட்டுத்தானே போகச் சொன்னார்? நீ ஊரையே விட்டுப் போனாய். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, மூக்கின்மேல் ஒரே கோபம். நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவள் நான்.

ஷெட் கூரை ஒழுகுவது சரியாக அந்த டிக்கிக்கு மேலேதான். மழை பெய்தால் அந்த ஒரு சாண் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அடியில் ஒரு பிளாஸ்டிக் மக்கை வைத்திருக்கிறார். மழை விட்டதும் போய் மக்கைக் கொட்டிவிட்டு, துணியால் துடைத்துவிட்டு வருகிறார். நான் பூசிவிடுகிறேன் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்காத மாதிரி மக்கைத் திருப்பி அதே இடத்தில் வைக்கிறார்.

இந்த வாரம் பெயிண்டர் வந்தார். "ஒரு சாண்தானே, நானே இழுத்து விட்டுடறேன்" என்று கன்னை எடுத்தார். அப்பா குறுக்கே கையை வைத்து, "அதுக்கு ஆள் இருக்கு" என்றார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவர்கள் சொல்வார்களே, அப்படி. பெயிண்டர் என்னைப் பார்த்தார், கன்னைக் கீழே வைத்துவிட்டார். அப்பா யார் முகத்தையும் பார்க்காமல் கை கழுவப் போய்விட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

மாதக் கடைசியில் வண்டி பெயிண்டுக்குப் போகிறது. பெயிண்ட் ஏறிவிட்டால் அப்புறம் அந்த இடத்தை யாரும் தொட முடியாது.

அப்பா கூப்பிடச் சொன்னாரா என்று கேட்காதே. சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். நான் கூப்பிடுகிறேன். லீவு கிடைக்காது என்று ஆரம்பிக்காதே, ஒரு நாள் போதும். பழைய சட்டை ஒன்று எடுத்து வா, சீலர் பட்டால் போகாது. வந்து அவரிடம் மன்னிப்பு, விளக்கம் என்று ஒன்றும் பேச வேண்டாம். நேராக ஷெட்டுக்குப் போ. விட்ட இடத்திலிருந்து கன்னை அழுத்து. அவர் விரல் பின்னாலேயே வரும்.

எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணே.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா