கொசு இல்லாத காடு

மார்ச் 4, புதன்

மேல்வரிசைப் பல் செட்டு ஒன்று திரும்பி வந்துவிட்டது. போட்டுக்கொண்டு சிரித்தால் குதிரை மாதிரி இருக்கிறதாம். பெரிய பல்லாக வேண்டும் என்று கேட்டதே அந்த மனிதர்தான். எங்கள் பல் செட்டுக் கூடத்தில் மெழுகில் பல் அடுக்குகிறவரை நாங்கள் மெழுகு அண்ணன் என்றே கூப்பிடுகிறோம். அவர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "குதிரை கேட்டாரு, குடுத்தோம். இப்ப என்ன, முயல் வேணுமாமா?" என்றார். நாளைக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேஜை முழுக்க ஆப்பிரிக்கா. இவர் வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் டம்ளர் வைத்திருந்தார். லிப்ட் மெக்கானிக் அல்லவா, எந்தத் தாளை விரித்தாலும் மூலையில் கனம் வைத்தால்தான் அவருக்கு ஓடும். "எங்க போகணும்னு நீயே சொல்லு. நான் வாயே திறக்க மாட்டேன்" என்றார்.

காட்டுக்குப் போவதென்று முடிவு செய்தது ஜனவரியில். மூன்றாவது முறையும் கரு தங்காமல் போய், நான் போதும் என்று சொன்ன வாரம். இவர் "சரி" என்றார். எங்கள் வீட்டில் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் முடியும், கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போட்டதே கிடையாது. அடுத்த மூச்சிலேயே, "யானைய அதோட காட்டுலயே பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, போலாமா?" என்று கேட்டார். மருத்துவமனைக் குளிர்பெட்டியில் எங்களுடைய கரு இன்னும் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. போதும் என்றால் அதையும் சேர்த்துத்தான் போதும். இவருக்கும் புரிந்திருக்கும்.

மார்ச் 8

ஞாயிறு முழுக்கப் படித்தேன். செரங்கெட்டியில் காட்டுமாடுகள் லட்சக்கணக்கில் நடக்கின்றன. மாரா ஆற்றைக் கடக்கும்போது முதலை காத்திருக்கிறது, முதலையைப் பார்க்க வண்டிகள் காத்திருக்கின்றன. படத்தில் முதலையைவிட வண்டிதான் அதிகம். ஒகவாங்கோவில் மரத்தோணியில் படுத்தபடி நாணலுக்குள் போகலாம். எடோஷாவில் ஒரு நீர்நிலைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் போதும், வர வேண்டியவை தாமாகவே வரும்.

ஆனால் என் மனது போய் உட்கார்ந்த இடம் ஜாம்பியாவின் லுவாங்வா. அங்கே வண்டியை விட்டு இறங்கி நடக்கவே கூட்டிப்போகிறார்கள். முன்னால் துப்பாக்கிக் காவலர், பிறகு வழிகாட்டி, பின்னால் நாம் வரிசையாக. பேசக் கூடாது. யானை நடந்த மண்ணில் என் செருப்பும் நடக்கும்.

யானைக்கு வாழ்நாளில் ஆறு முறை கடைவாய்ப்பல் மாறுமாம். ஆறாவதும் தேய்ந்துவிட்டால் மென்று தின்ன முடியாமல் மெலிந்து போய்விடும். இத்தனை வருடம் பல் கட்டுகிறேன், இது எனக்குத் தெரியாது. பாவம், அதற்கு யார் செட்டு கட்டிக் கொடுப்பார்கள்?

மார்ச் 9

லுவாங்வா. சொல்லிப் பார்க்கவே நன்றாக இருக்கிறது.

மார்ச் 15

நாத்தனார் போனில் பேசினார். "ஏம்மா, கடல், மலைன்னு எவ்வளவோ இருக்கு. சிங்கத்துக்கிட்டயா போய் நிக்கணும்? மனசு ஆறணும்னா எங்க வீட்டுக்கு வாங்க ரெண்டு பேரும். எங்க ரெண்டு வாலுங்களும் போதும் உங்களுக்கு." நல்ல மனதோடுதான் சொன்னார். பின்னால் இரண்டு வால்களும் எதற்கோ அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. 

மார்ச் 21

வாயே திறக்க மாட்டேன் என்றவருக்கு இப்போது வாய் மூடவில்லை. மாராவா, கூட்டம். ஒகவாங்கோவா, "உனக்கு நீச்சல் தெரியாது. தோணி கவுந்தா நீர்யானையா வந்து தூக்கும்?" லுவாங்வாவா, "பேசாம வரிசையா நடக்கறதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம ஹால்லயே நடக்கலாமே." எடோஷாவுக்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். பிறகு அதுவும் வேண்டாமாம், வெயிலாம்.

எங்கே சுற்றினாலும் தென்னாப்பிரிக்காவில் வந்து நிற்கிறார். மடிக்வே. இல்லையென்றால் வாட்டர்பெர்க். இல்லையென்றால் தெற்கே ஆடோ. மடிக்வேயில் சிங்கம் உண்டு, யானை உண்டு, காட்டுநாய்கூட உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. "ரோடு நல்லா இருக்கும், சாப்பாடு நல்லா இருக்கும்" என்கிறார். சாப்பாட்டைப் பற்றி இந்த மனிதர் எப்போது கவலைப்பட்டார்? உப்பில்லாததைப் போட்டாலும் தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

எனக்கு எரிச்சலாக வருகிறது. நீயே சொல்லு என்று சொல்லிவிட்டு எதைத் தொட்டாலும் தட்டிவிட்டால்?

மார்ச் 28, சனி

பயண ஏற்பாட்டு அலுவலகத்துக்கு நான் மட்டும் போனேன். இவருக்கு எங்கோ ஒரு கட்டடத்தில் லிப்ட் பாதியில் நின்றுவிட்டது. அங்கிருக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், துறுதுறுவென்று இருக்கிறாள். லுவாங்வா என்றதும் முகம் மலர்ந்தது. அப்புறம், "ஆனா மேடம், கொசு இல்லாத இடமா மட்டும் காட்டுங்கன்னு சார் போன்ல சொல்லியிருந்தாரே. மலேரியா மாத்திரை தேவைப்படாத இடமா இருக்கணும்னார். அதான் மடிக்வே, வாட்டர்பெர்க்னு குடுத்தேன்" என்றாள். பிறகு ரொம்ப இயல்பாக, "சின்னக் குழந்தைங்க யாராச்சும் கூட வராங்களா மேடம்? இல்ல, நீங்க... பொதுவா அப்படிப்பட்டவங்கதான் இதக் கேப்பாங்க" என்று சிரித்தாள்.

 தண்ணீர் கொடுத்தாள், குடித்தேன்.

முதல் முறை மருத்துவமனைக்குப் போனபோதே டாக்டரம்மா சொல்லியிருந்தார், குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்கள் மலேரியா இருக்கும் ஊர்ப்பக்கம் போக வேண்டாம் என்று. நான் மறந்துவிட்டேன். இவர் மறக்கவில்லை. கூட்டம், நீச்சல், வெயில் — எல்லாம் சாக்கு.

மார்ச் 29

கேட்டுவிட்டேன். சமையலறைக் குழாயில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தார். "யாரு வராங்க நம்மகூட? குழந்தைங்க வராங்களான்னு அந்தப் பொண்ணு கேட்டா" என்றேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு இருக்கேம்மா இன்னும்" என்றார்.

"அப்ப சரின்னு ஏன் சொன்னீங்க?"

"ஊசி குத்திக்கிட்டது நீ. படுத்துக் கெடந்தது நீ. நீ போதும்னு சொல்றப்ப, இல்ல வேணும்னு நான் எந்த வாயால சொல்றது? போய்ட்டு வந்தா உனக்கு மனசு கொஞ்சம் மாறும்னு நெனச்சேன். அப்ப மாத்திரை, காய்ச்சல்னு எதுவும் குறுக்க இருக்கக் கூடாதுன்னு..."

என் மனசு மாறும்னு என்னைக் கேக்காமயே முடிவு பண்ணி, அதுக்குத் தோதா ஒரு காட்டையே தேடிப் பிடிச்சிருக்காரே! என்ன மனுஷன் இவர்? நான் போதும்னு சொன்னது விளையாட்டுக்கா? ஒவ்வொரு தடவையும் கரு வச்சப்புறம் அந்தப் பதினாலு நாள் நடக்கக்கூடப் பயந்து, தும்மப் பயந்து, கடைசில டெலிபோன்ல அந்த நர்ஸ் குரல் இழுக்கும்போதே தெரிஞ்சுபோய்... அது இன்னொரு தடவை என்னால ஆகாது. ஆகாதுன்னா ஆகாது.

பிறந்ததிலிருந்து பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினேன். அவர் எழுந்து போய்விட்டார். குழாயைக்கூட முடிக்கவில்லை, இன்னும் சொட்டுகிறது.

மார்ச் 31

இருவரும் மிக மரியாதையாகப் பேசிக்கொள்கிறோம். தண்ணி வேணுமா? வேண்டாம். சாவி எடுத்தாச்சா? ஆச்சு.

ஏப்ரல் 2

கோபம் போய்விட்டது. போனதும் அடியில் இருந்தது தெரிகிறது. எனக்கும் அந்த ஒன்று வேண்டாம் என்றில்லை. வேண்டாம் வேறு, முடியாது வேறு. இவர் நான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்திருக்கிறாரோ? நானும் விளக்கிச் சொல்லவில்லையே.

ஏப்ரல் 5

இன்று ஒரு லிப்டில் கைக்குழந்தையோடு ஒருத்தி மாட்டிக்கொண்டாளாம். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. கதவைத் திறந்து முதலில் குழந்தையை இவர் கையில் கொடுத்திருக்கிறாள். அவளை மேலே தூக்கி வெளியே கொண்டுவருவதற்குள் அது இவர் தோளில் தூங்கிவிட்டதாம். "அழவே இல்ல, பாத்துக்கோ" என்றார். சட்டைத் தோளில் எச்சில் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கழற்றித் துவைக்கப் போடுங்கள் என்றேன், அப்புறம் என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. "சரி, மடிக்வேயே போகலாம். வந்து அந்த ஒண்ணையும் பாத்துரலாம்" என்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், குழாயையும் முடித்தார்.

ஏப்ரல் 6, திங்கள்

இத்தனை வருடத்தில் இவர் என் வேலையிடத்துக்கு வந்ததே கிடையாது. மதியம் வாசலில் வந்து நின்றார். நான் பிளாஸ்டர் மாவு அச்சை உடைத்துக்கொண்டிருந்தேன், முழங்கை வரை வெள்ளை. மெழுகு அண்ணன் யாரோ பல் வலிக்காரர் என்று நினைத்து, "டாக்டர் பக்கத்து கட்டடம் சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

இவர் உட்காரவில்லை. "நேத்து சரின்னு சொல்லிட்டு நேரா போய், கழுவி வச்ச பாத்திரத்தையே திரும்பக் கழுவுன. நானும் சந்தோஷத்துல பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன்" என்றார். "காலைலேருந்து அதே ஞாபகம். ஜனவரில நான் சொன்ன சரியும் அந்த மாதிரிதான். எனக்கு அப்படி ஒரு சரி வேண்டாம்மா. நெஜமா என்னன்னு சொல்லு."

"ஆசை இல்லாம இல்லங்க. முடியல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, மூன்று முறையும் அழாதவர். மெழுகு அண்ணன் இருமிக்கொண்டே வெளியே போய்க் கதவைச் சாத்தினார். நான் மாவுக்கைகளோடு இவரைப் பிடித்துக்கொண்டேன். அவருடைய நீலச் சட்டை முழுக்க என் கை அடையாளம். அப்படியே வேலைக்குத் திரும்பிப் போனார்.

ஏப்ரல் 12

இவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வரைபடம் மேஜையிலேயே கிடக்கிறது, அதன் மேலேயே சாப்பிடுகிறோம்.

ஏப்ரல் 18

காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே, "இன்னிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லிட்டு வந்துரலாமா?" என்று கேட்டார். எதை என்று நான் கேட்கவில்லை. "உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டேன். "எனக்குக் கஷ்டம்தான். நீ இன்னொரு தடவை அப்படிப் படுத்துக் கெடக்கறதப் பாக்கறது அதவிடக் கஷ்டம்" என்றார்.

டாக்டரம்மாவிடம் இவர்தான் பேசினார். அந்த ஒன்றை இனி வைத்திருக்க வேண்டாம் என்றார். டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், அவசரமில்லை என்றார். இவர் என் பக்கம் திரும்பினார். நான் ஆமாம் என்றேன். வெளியே வந்து வண்டி நிறுத்தத்தில் ரொம்ப நேரம் நின்றோம். சாவி இவர் சட்டைப்பையில் இருப்பது தெரியாமல் இருவரும் தேடிக்கொண்டிருந்தோம்.

இன்று ஒன்றும் சாப்பிடப் பிடிக்கவில்லை. நிம்மதியாகவும் இருக்கிறது, நெஞ்சும் வலிக்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கும்போல.

ஏப்ரல் 25

இவரே போய்ப் பதிவு செய்துவிட்டு வந்தார். லுவாங்வா, செப்டம்பர். அந்தப் பெண் மாத்திரையைப் பற்றி எடுத்துச் சொன்னாளாம். "பரவால்ல, போட்டுக்குவோம்னு சொல்லிட்டேன்" என்றார்.

மே 30

நாத்தனாரிடம் எல்லாவற்றையும் இவரே சொல்லியிருக்கிறார். மாலையில் நாத்தனார் என்னைப் போனில் கூப்பிட்டு, "நல்லா பாத்துட்டு வாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். சின்ன வால் போனைப் பிடுங்கி, நீர்யானை வாயைத் திறந்தால் எத்தனை பல் தெரியும், எண்ணிக்கொண்டு வா என்று எனக்கு வேலை கொடுத்தது. சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

செப்டம்பர் 24, லுவாங்வா

மதியம். கூடாரத்துக்கு வெளியே கேன்வாஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கால் முழுக்கச் செம்மண். இவர் உள்ளே படுத்தபடி, கூடாரத்துக்கு எப்படி விளக்கு இழுத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்.

நேற்று குட்டிகளோடு யானைகள் ஆற்றைக் கடந்தன. ஒரு குட்டிக்குத் தண்ணீர் கழுத்து வரை வந்துவிட்டது, தாய் பின்னாலிருந்து முட்டி முட்டி ஏற்றிவிட்டது.  வலிக்கவில்லை என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் பார்வையைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை, அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தோம்.

இன்று விடியற்காலையிலேயே நடக்கக் கிளம்பினோம். முன்னால் துப்பாக்கிக் காவலர், பிறகு வழிகாட்டி, பிறகு நான், கடைசியில் இவர். ஆற்றங்கரைச் சரிவில் செந்நிறப் பறவைகள் ஆயிரமாயிரம், மண்ணில் ஓட்டை போட்டுக் குடியிருக்கின்றன. வழியில் ஒரு யானையின் தாடை எலும்பு கிடந்தது. நான் மண்டி போட்டுக் கடைவாய்ப்பல்லைத் தடவிப் பார்த்தேன், பழைய அம்மிக்கல் மாதிரி தேய்ந்திருந்தது. "இங்கயும் பல்லா?" என்று இவர் ரகசியமாகக் கேட்டு, பேசியதற்காக வழிகாட்டியிடம் ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டார்.

நடுவில் ஒரு பெரிய மரத்தடியில் நிறுத்தித் தேநீர் கொடுத்தார்கள். அங்கே பேசலாம். வழிகாட்டிக்கு மூன்று பெண்களாம், மூத்தவள் வகுப்பில் முதலாம். சொல்லிவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று இவரைப் பார்த்துக் கேட்டார்.  யார் கேட்டாலும், எந்த ஊரில் கேட்டாலும், இவர் ஒரே பதில்தான் சொல்வார். "இன்னும் இல்லை" என்பார். சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்.

இன்று, "இல்லை. நாங்கள் இரண்டு பேர்தான்" என்றார். சொல்லிவிட்டு அவரிடம் மூத்தவள் என்ன படிக்கிறாள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று கேட்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே இன்னொரு கோப்பை தேநீரும் வாங்கிக் குடித்தார்.