எல்லை தாண்டாத சாட்சி

வக்கீலய்யா,

இன்று எங்கள் மாரியம்மன் கோயிலில் காப்பு கட்டினார்கள். நனைந்த மஞ்சள் கயிற்றின் வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் பாதிக் கேஸை நடத்தியது நான்தான் என்று விருத்தாசலம் முழுக்கச் சொல்லி வருகிறேன்.

விருத்தாசலம் பீங்கான் ஆலைக் காவலாளியைக் கொன்றதாக என் அக்கா மகனுக்கு ஆயுள் தண்டனை. அன்று ராத்திரி ஆலை வாசலிலிருந்து அவன் ஓடியதைக் கண்ணால் பார்த்தேன் என்றான், எங்களோடு வரப்புத் தகராறு உள்ள நல்லூர்ப் பக்கத்து ஆள் ஒருவன். வேறு சாட்சி இல்லை. ஹைகோர்ட்டு மறு விசாரணைக்கு அனுப்பிய பிறகுதான் உங்களிடம் வந்தோம்.

உங்கள் அறையில் வழக்கம்போல என் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். பையனைப் பிடிப்பதற்கு முந்தின வாரம், அந்தச் சாட்சிக்காரன் ஊர்த் திருவிழாவில் நான் சிலம்பம் சுற்றிய வேகத்தில் காற்றே நின்றது, கரகம் சுமந்து வந்த அவனே வாயடைத்துப் போனான் என்றேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டுப் பஞ்சாங்கம் கேட்டீர்கள். கோர்ட்டு இங்கிலீஷ் தேதியில் பேசியது. நாங்கள் ஆடி வெள்ளியில் பேசினோம். கொலை நடந்த நாளும் திருவிழாவுக்குள்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. கரகம் எடுப்பவன் காப்பு கட்டிவிட்டால், அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது.

கடலூர்க் கோர்ட்டில் அவன் ஊர் ஜனமெல்லாம் பின்னால் உட்கார்ந்திருந்தது.

"அந்த வருஷம் கரகம் யாருங்க எடுத்தது?" என்று கேட்டீர்கள்.

"நான்தாங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினான்.

"அப்ப காப்போட எல்லையத் தாண்டி ஆலை வாசலுக்கு வந்தீங்களா?"

அவன் திரும்பித் தன் ஊர்க்காரர்களைப் பார்த்தான். ஆமென்றால் ஊருக்குள் கால் வைக்க முடியாது. இல்லையென்றால் பையன் வெளியே வருவான்.

"ஆத்தா சத்தியமா தாண்டலைங்க" என்றான்.

சட்டத்துக்குப் பயப்படாதவன் ஆத்தாளுக்குப் பயந்தான். ஜட்ஜே எழுந்து உங்களைக் கும்பிட்டார் என்று நான் சொல்வதுண்டு. மறுத்துப் பேச நீங்களும் இப்போது உயிரோடு இல்லை.

விடுதலையான அன்று பையன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். கடலூரைத் தாண்டுமுன்பே என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனான். முன் சீட்டிலிருந்த நீங்கள் திரும்பி, "புள்ள தூங்குறான், கொஞ்சம் பேசாம வாங்க" என்றீர்கள்.

விருத்தாசலம் வரும்வரை நான் வாயே திறக்கவில்லை. இதைச் சொன்னால் மட்டும் ஊரில் ஒருத்தரும் நம்புவதில்லை. அந்தத் தலையின் கனம் இன்னும் என் இடது தோளில் இருக்கிறது.