முதல் வாய் தண்ணீர்

இன்று காலை பின்வீட்டுச் செல்லம்மாக்கா தன் சில்வர் கோப்பையை வேலிக்கு மேலால் நீட்டினாங்க. தண்ணீர் தளும்பியது. மற்றக் கையில் மாத்திரை. "மிஸ் போனதுல இருந்து ஒழுங்கா போடல புள்ள. யாரு குடிச்சுக் காட்டுறது?"

மிஸ் என்றால் நீதான் அக்கா. அந்தக் கோப்பையைக் கண்டாலே எனக்கு இன்னமும் வயிறு எரிகிறது.

எச்சில் விஷயத்தில் நீ நம்ம வீட்டுப் பொலிஸ். நான் கடித்த கொய்யாவைத் தொடமாட்டாய், என் கோப்பையில் வாய் வைக்கமாட்டாய். "மூணு வருஷம் நர்சிங் படிச்சவடி நான். கிருமியைப் பத்தி எனக்கே சொல்றியா?" அதற்கு மேல் மனநோய்க்கென்று கொழும்புப் பக்கம் போய்த் தனியாகவும் படித்தாய். நீ படித்து வாங்கினது சான்றிதழ். நான் படிக்காமலே வாங்கினது பட்டம்: வாயாடி.

மாத்தளை கிளினிக்கில் வேலை முடித்து உக்குவளையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உன் கால் முதலில் போவது செல்லம்மாக்கா வீட்டுக்கு. கலவரத்தில் அவங்க கடையை எரித்த நாளிலிருந்து, யாரோ தண்ணீரில் விஷம் கலக்கிறாங்க என்று அவங்களுக்குப் பயம். மாத்திரை எழுதுவது டொக்டர். அது வயிற்றுக்குள் போகிறதா என்று பார்ப்பது உன் வேலை. அப்படியெல்லாம் இல்லை என்று நீ ஒருநாளும் வாதாடியதில்லை. தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா, குரல் ஏதும் கேட்டுச்சா என்று விசாரித்துவிட்டு, அவங்க கோப்பையில் முதல் வாய் நீ குடிப்பாய். அண்ணாந்து ஊற்றாமல், உதடு பட. அண்ணாந்தால் ஏமாற்றுகிறாய் என்று நினைப்பாங்களாம். அதன்பிறகே அவங்க விழுங்குவாங்க. நான் வேலி இடுக்கில் நின்று பார்ப்பேன்.

ஒருநாள் கண்ணை உருட்டிக்கொண்டு என் தேத்தண்ணியை உன்னிடம் நீட்டினேன். "அக்கா, இதுல விஷம். குடிச்சுக் காட்டு."

நீ சிரிக்கவில்லை. "அவங்க நடிக்கலடி."

"அப்ப எனக்கும் நோய் வருத்தம் வந்தாத்தான் பாப்பியா?"

"உன்னைப் பாக்க நம்பர் வேற எடுக்கணுமா, குரங்கே?" தலையில் ஒரு குட்டு. தேத்தண்ணியைத் தொடவில்லை.

பிறகு உனக்கு அந்தக் காய்ச்சல். ஆஸ்பத்திரி வார்டில் அம்மா எவ்வளவு கெஞ்சியும் நீ தண்ணீர் குடிக்கவில்லை. நான் கோப்பையைப் பிடித்ததும், "முதல்ல நீ குடி" என்றாய். உனக்கும் புத்தி குழம்பிவிட்டதோ என்று பயந்துபோனேன். குடித்தேன், உதடு பட. நீ வாங்கி அதே இடத்தில் வாய் வைத்துக் குடித்தாய். "விஷமில்ல" என்று கண்ணை உருட்டினாய். குறும்பு என் தனிச் சொத்து என்றல்லவா இருந்தேன். விடியும்போது நீ உயிரோடு இல்லை.

இன்று அந்தக் கோப்பையை வாங்க எனக்கு மனமே இல்லை. அவங்களுக்கு எத்தனை வாய் கொடுத்தாய், எனக்கு ஒன்றே ஒன்று. ஆனால் மாத்திரை அவங்க உள்ளங்கை வியர்வையில் கரையத் தொடங்கியிருந்தது. வாங்கிக் குடித்தேன். என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாங்க.

"மிஸ் இதைவிட நெறையக் குடிப்பாங்க."

பொறாமையில் இன்னொரு வாய் குடித்தேன், பெரிதாக. அவங்க மாத்திரையை விழுங்கினாங்க.

நீ எனக்கென்று வைத்துவிட்டுப் போனது அந்த ஒரு வாய்தான் அக்கா. அதையும் இனித் தினமும் இவங்களோடு பங்கு போடணும்.