ஹிபா சொன்ன வள்ளக் கதை

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஷம்னா சலாம் சொல்லி எழுதுவது. நானும் ஹிபாவும் சுகம். அங்கே உங்கள் முதுகுவலி குறைந்ததா? ஃபோன் இருக்கும்போது கடிதமா என்று சிரிக்காதீர்கள். ஃபோனில் பேசினால் உங்கள் மகள் என் மடியில் இருப்பாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச முடியாது. உங்களுக்கோ மூக்குக்கு மேல் கோபம், பாதியில் வைத்துவிடுவீர்கள். பக்கத்து வீட்டு நூர் முகம்மது காக்கா லீவு முடிந்து நாளை ஷார்ஜா திரும்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

பௌர்ணமிக்குக் காயல் தண்ணீர் வாசற்படி வரை ஏறிவிட்டது. தையல் மெஷினைக் கட்டில்மேல் தூக்கி வைத்தேன். இப்போது வடிந்துவிட்டது, கவலை வேண்டாம்.

போன வாரம் ஹிபா உங்களிடம், “அத்தா, பெருநாளுக்கு வரண்டா, வராதீங்க” என்று சொன்னாள். நீங்கள் ஃபோனை வைத்துவிட்டீர்கள். பெற்ற மகளே வேண்டாம் என்ற பிறகு எனக்கு எதற்கு லீவு, டிக்கெட் போடவில்லை என்று காக்காவிடம் ஃபோனில் சொன்னீர்களாம். எனக்கும் அன்று அவள்மீது கோபம்தான். ஆனால் அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இப்போது எனக்குத் தெரியும்.

நீங்கள் போன பிறகு அவள் எதற்கும் பொறுக்காத பிள்ளையாகிவிட்டாள். சோறு ஆறும் வரை பொறுக்க மாட்டாள், சடை பின்னி முடியும் வரை பொறுக்க மாட்டாள், எடுத்ததற்கெல்லாம் அழுகை. அங்கன்வாடி மதுவந்தி டீச்சரிடம் சொன்னேன். அவர் ஒரு படப் புத்தகம் தந்தார். எழுத்தே கிடையாது, படம் மட்டும். “நீங்க கதை சொல்லண்டா ஷம்னா. அவளே பார்க்கட்டும், அவளே திருப்பட்டும். மெல்லெ பொறுமை வரும், சபூர் வரும்” என்றார்.

ஒரு மீன்காரரின் மகளைப் பற்றிய புத்தகம் அது. முதல் படத்தில் அத்தா வள்ளத்தில் கடலுக்குப் போகிறார். பிறகு அந்தப் பிள்ளை கரையில் உட்கார்ந்திருக்கிறாள். வெயில், காகம், மழை, யாருமில்லாத கடல் என்று பக்கம் பக்கமாகக் காத்திருப்புதான். கடைசிப் படத்தில் வள்ளம் வந்துவிடுகிறது, பிள்ளை அத்தாவின் தோளில் இருக்கிறாள்.

ஹிபா அதோடு உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. ஒவ்வொரு படத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்ப்பாள். நான் தைத்துக்கொண்டே, பிள்ளைக்குச் சபூர் வந்துவிட்டது என்று பெருமைப்பட்டேன்.

நீங்கள் ஃபோனை வைத்த மறுநாள், அவள் பூனைக்குக் கதை சொல்வது காதில் விழுந்தது. “அத்தா வந்தாரு. தோள்ல தூக்கினாரு. பின்னெ மழை பெஞ்சுச்சு. பின்னெ அத்தா வள்ளத்துல கேறிப் போயிட்டாரு. கதை கழிஞ்சு.”

எட்டிப் பார்த்தேன். மதரஸாவில் அரபுப் பாடம் ஓதுகிற பிள்ளையல்லவா, இதையும் அப்படியே பிடித்திருந்தாள். அரபுப் புத்தகம் தொடங்குகிற பக்கத்திலிருந்து இதையும் திறந்து, நம்முடைய கடைசிப் படத்தை முதல் படமாகப் பார்த்திருக்கிறாள். இத்தனை நாளும் அவள் பார்த்தது, வந்த அத்தா போய்விடுகிற கதையை.

புத்தகத்தைத் திருப்பி வைத்து, இப்படிப் பார்க்க வேண்டும், அத்தா முதலில் போவார், பிறகு வருவார் என்று காட்டினேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “இல்லம்மா, அத்தா வந்தா போயிடுவாரு. வரலேன்னா போக மாட்டாரு” என்றாள்.

அவள் சொன்னதில் பொய் எங்கே? அவள் கண்ட அத்தா அப்படித்தானே. பயணம் புறப்படும்போது பிள்ளை அழக்கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கம். அதனால் போன தடவையும் அவள் தூங்கும்போதே போய்விட்டீர்கள். விடிந்து எழுந்தவள் கட்டிலுக்கு அடியிலும் கதவுக்குப் பின்னாலும் உங்களைத் தேடினாள். ஒளிந்து விளையாடுகிறீர்கள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே தேடினாள். இதை உங்களிடம் நான் இதுவரை சொன்னதில்லை. தூர இருக்கிறவரின் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

அவளுக்கு உங்கள்மீது வெறுப்பில்லை. உங்கள் பழைய சட்டையைத் தலைக்கு வைத்துத்தான் இப்போதும் தூங்குகிறாள். கோபத்தை விட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். பெருநாளுக்கு வாருங்கள். அவள் முகம் கொடுக்காவிட்டால் நீங்கள் கொஞ்சம் சபூர் செய்யுங்கள், எல்லாவற்றையும் பிள்ளையே செய்ய முடியாது.

திரும்பப் போகிற அன்று மட்டும் உங்கள் வீட்டு வழக்கத்தை விட்டுவிடுங்கள். அவளை எழுப்பி, முகத்தைப் பார்த்து, போகிறேன் என்று சொல்லுங்கள். அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். எழுப்ப உங்களுக்கு மனம் வரவில்லையென்றால், பெட்டியைக் கீழே வைத்துவிடுங்கள். ஏன் போகவில்லை என்று நான் கேட்க மாட்டேன்.

அல்லாஹ் உங்களைப் பத்திரமாக எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஷம்னா