வலையை அறுத்தவள் எழுதுவது

பரங்கிப்பேட்டை
வெள்ளிக்கிழமை

அன்புள்ள பாண்டியன் அண்ணனுக்குத் தங்கை சிந்துஜா எழுதுவது. இங்கே அம்மா, அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சுகம். மங்களூரில் உன்னையும் தில்லைக் காளி சுகமாக வைத்திருக்க வேண்டும். என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். அதனால் அங்கே நீ வேலை பார்க்கும் படகுக்கே வேலைக்கு வரும் செம்பியனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடாமல் படி.

அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் தேவலை. புவனகிரி வைத்தியர் கொடுத்த தைலத்தைத் தேய்த்துவிடுகிறேன். தேய்ப்பது நான், அம்மா கூப்பிடுவது உன் பேரை.

சரி, வலை விஷயத்துக்கு வருகிறேன். சினை நண்டு சிக்கினால் வலைக்கண்ணை அறுத்து உயிரோடு கடலில் விடுவது என்று ஊர்க்கூட்டத்தில் பேசியபோது முதலில் கை தூக்கியவன் நீ. வலையிலிருந்து நண்டு எடுக்கும் பெண்களே அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றதும் நீதான். உன் புது வலையிலேயே அத்தனையும் சினை நண்டாக ஏறும் என்று யார் கண்டது? பெண்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முந்தின வாரம் கோவிந்தசாமி வலையை அறுத்த கத்தி என் அண்ணன் வலைக்கு மட்டும் மழுங்கிப்போகுமா? அறுத்தேன். "கூடப் பொறந்தவளா நீ? இனிமே எம் மூஞ்சில முழிக்காத" என்று கரையில் எல்லார் முன்னாலும் சொன்னாய். அந்த வாரமே சிதம்பரத்தில் ரயில் ஏறிவிட்டாய்.

நீ போன பிறகு, கண் அறுந்த வலையைச் சரிசெய்யும் செலவை ஊரே பொதுவில் ஏற்க வேண்டும் என்று கூட்டத்தில் தொண்டை கிழியச் சண்டை போட்டேன். ஒத்துக்கொண்டார்கள். முகத்துவாரத்தில் இப்போது குஞ்சு நண்டு நிறையத் தெரிகிறதாம். நாம் விட்டதால்தானா என்று எனக்குத் தெரியாது. அறுத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் நீ மனம் நொந்து ஊரைவிட்டுப் போனது என்னைத் தின்கிறது அண்ணா.

மாசிமகத்தன்று என் மகள் அனுப்பிரியாவுக்குக் காது குத்த நாள் பார்த்திருக்கிறார்கள். நீ வராவிட்டால் நம் பெரியப்பா மகன் சபாபதி மடியில் உட்கார வைக்கலாம் என்கிறார் மாமியார். உன் மச்சானும் தலையாட்டுகிறார். நான் சொல்லிவிட்டேன்: "எம் புள்ளைக்கு மாமன் ஒருத்தருதான். அவுரு மடி இல்லன்னா காது மூளியாவே கெடக்கட்டும்."

வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பரவாயில்லை.

நீயும் என்னோடு பேச வேண்டாம். என் வீட்டில் கை நனைக்கவும் வேண்டாம். பிள்ளை வலியில் துடிக்கும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்ள மட்டும் வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தங்கை
சிந்துஜா